ஐந்து மணிச் சுவர்

விருத்தாசலத்தில் அரசாங்கம் நடத்திய கொத்தனார் பயிற்சியில் பூங்கோதை நாலு மாதம் சுவர் கட்டினாள். எல்லாம் சேற்றுக் கலவையில்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுவரைப் பிரித்து, செங்கல்லைக் கழுவி அடுக்கிவிட வேண்டும். மறுநாள் பயிற்சிக்கும் அதே கல்தான்.

சான்றிதழ் வந்த மறுவாரமே கம்மாபுரத்தில் அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டும் வேலை கிடைத்தது. முதல் நாளே இடுப்புயரச் சுவரை நூல் பிடித்த மாதிரி எழுப்பினாள். குறை சொல்லியே பழகிய மேஸ்திரி தர்மராஜ்கூடத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் சுவரைக் காணோம்.

"சுவரு எங்கம்மா?"

கழுவிய செங்கல் அவள் பின்னால் வரிசையாக இருந்தது. "மணி அஞ்சாயிடுச்சுங்களே" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

மறுநாள் மதியத்துக்குள் திரும்பக் கட்டிவிட்டாள். ஐந்து மணிக்கு தர்மராஜ் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீ வூட்டுக்குக் கெளம்பும்மா. நீ போனாத்தான் நான் எழுந்திரிப்பேன்."

விடிந்ததும் ஓடி வந்தாள். சுவர் நின்றுகொண்டிருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இத இப்ப என்னங்க பண்றது?"

"மேல கட்டு" என்றார் தர்மராஜ்.