தேவாரம் வரைக்கும்

பேச்சிமுத்து பச்சை விளக்கைக் காட்டியபோது, முன்னால் போன விமானம் பாதையை விட்டு ஒதுங்கிவிட்டது என்றுதான் நினைத்தான். யுத்தத்துக்காகக் கடலோரப் பொட்டலில் அவசரமாகப் போட்ட விமானத் தளம் அது. தரையில் ஊர்ந்து போகிற விமானங்களுக்கு டவரின் மேலிருந்து விளக்கால் வழி சொல்வது அவன் வேலை. பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நிற்க வேண்டும். அன்று காலை மூடுபனி. நாலு இன்ஜின் வைத்த பெரிய விமானங்கள் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக இறங்கியிருந்தன. முதலாவது தன் இடத்துக்குத் திரும்புவதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட்டான். பாதி திரும்பியதுமே அதன் சக்கரம் மணலில் புதைந்து, வால் பாதைக்குள் நீட்டியபடியே நின்றுபோனதை அவன் கவனிக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுக்க ஓடினவன், தளத்தில் வேலை பார்த்த தேவாரம் என்ற ஊர்க்காரன் மொக்கைச்சாமி. பின்னால் வந்த விமானத்தின் இறக்கை அந்த வாலில் மோதித் தகரம் கிழிகிற சத்தம் டவர் வரைக்கும் கேட்டது. மோதிய வேகத்தில் முதல் விமானம் ஒரு பக்கமாக நகர்ந்து, மொக்கைச்சாமியின் இடது காலில் ஏறியது.

மூடுபனிதான் காரணம் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி பேச்சிமுத்துவின் தோளைத் தட்டிவிட்டு, அவனை ஸ்டோருக்கு மாற்றினார். ஆஸ்பத்திரியில் மொக்கைச்சாமிக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்திருந்தார்கள். பேச்சிமுத்து தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். கஞ்சி ஊட்டினான், முதுகைத் துடைத்துவிட்டான். நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் என்று மொக்கைச்சாமிக்கு அவன் மேல் உயிர். ‘நீ இல்லேன்னா நான் இங்கன நாதியத்துக் கெடப்பேன் தம்பி’ என்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் பேச்சிமுத்து அடுத்த வாய்க் கஞ்சியை அவசரமாக ஊட்டுவான். ஒரு சாயங்காலம், தாங்க முடியாமல் சொல்லிவிட்டான்.

“அண்ணே, அன்னைக்குப் பச்சை காட்டுனது நான்தான். பனியால இல்லண்ணே. நான் சரியாப் பாக்கல.”

மொக்கைச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதன் பிறகு கஞ்சியை வேறு ஆள் ஊட்டினால்தான் குடித்தான். ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றுதான் மறுபடி வாயைத் திறந்தான்.

“ஏலே, நீயே என்னையக் கூட்டிட்டுப் போ. எம் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லு. அவ மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது.”

பேச்சிமுத்து லீவு வாங்கினான். ரயிலில் ஏற்ற, இறக்க, ஒதுங்க, எல்லாவற்றுக்கும் மொக்கைச்சாமியை அவன்தான் முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. கோபத்தோடு ஒருவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த இரண்டு பேருக்கும்தான் தெரியும். மொக்கைச்சாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். ஆனால் அவன் மூச்சு பேச்சிமுத்துவின் காதில்தான் படும். மதுரையிலிருந்து போடிக்குப் போகும் ரயில் பாதையை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கரி போட்டு ஓட்டுகிற பஸ்தான். ஆண்டிபட்டிக் கணவாயில் அது ஏற மாட்டாமல் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். உள்ளே மொக்கைச்சாமி மட்டும் உட்கார்ந்திருந்தான். பேச்சிமுத்து பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே, ஆடி அசையும் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உத்தமபாளையத்தில் இறங்கியபோது அவனுடைய ஊரான அனுமந்தன்பட்டி நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருந்தது. அந்தப் பாதையை ஒரு தடவை பார்த்தான். பிறகு தேவாரம் போகிற மாட்டுவண்டி ஒன்றைப் பிடித்து, மொக்கைச்சாமியைத் தூக்கி வைக்கோல் மேல் உட்கார வைத்தான்.

மொக்கைச்சாமியின் மனைவி மலையம்மாள் வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காலில் காயம் என்றுதான் அவளுக்குத் தகவல் வந்திருந்தது. புருஷனை ஒருவன் முதுகில் சுமந்து வருவதைப் பார்த்துவிட்டு எழுந்தவள், கட்டிலில் கிடத்திய பின் அருகில் வந்து, மடித்துக் கிடந்த வேட்டியின் மேல் கையை வைத்தாள். கால் முடிகிற இடம் வரைக்கும் தடவிப் பார்த்தாள். கை அங்கேயே நின்றது. பேச்சிமுத்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். விளக்கைச் சொன்னான், வாலைச் சொன்னான், தான் கண்ணை எடுத்ததைச் சொன்னான்.

அவள் வேட்டியின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்:

“அந்த நேரத்துல ஒன் நெனப்பு எங்கன தம்பி இருந்துச்சு?”

விசாரணையில் காற்றைக் கேட்டார்கள், வெளிச்சத்தைக் கேட்டார்கள், விளக்கின் பாட்டரியைக்கூடக் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

“எம் பொண்டாட்டிக்குப் பிள்ளை பொறந்துருக்குன்னு மொத நாள்தான், மதினி, எங்க ஊர்க்காரக ஒருத்தரு வந்து சொல்லிட்டுப் போனாக. அது யாரு சாடையா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்.”

“பாத்துட்டியா?”

“இன்னும் இல்ல.”

“எந்த ஊரு?”

“அனுமந்தன்பட்டி.”

“பாளையத்துல எறங்கி ஓரெட்டு போயிட்டு வந்துருக்கலாம்ல?”

“அண்ணன வீட்டுல சேக்காம எப்படி மதினி போறது?”

அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “ஒன்னைய வாய்க்கு வந்தபடி வையணும்னுதான் இருக்கு. வர மாட்டேங்குது” என்றாள். “பொழுதோட கெளம்பு. அந்தப் புள்ள பெத்த பொண்ணு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கும்.”

அவன் குனிந்து தன் பையை எடுத்தான். கட்டிலிலிருந்து மொக்கைச்சாமியின் குரல் வந்தது.

“போறதுக்கு முன்னால என்னையக் கொல்லைக்குக் கொண்டு போ. கேப்பை எப்படி நிக்கிதுன்னு பாக்கணும்.”

பேச்சிமுத்து பையைக் கீழே வைத்துவிட்டு முதுகைக் காட்டினான். வீட்டுக்குப் பின்னால் வரப்பு ஒற்றையடியாக ஓடியது. மலைப் பக்கமிருந்து காற்று இறங்கிக் கதிர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அவன் அடி பார்த்து அடி வைத்து நடந்தான். பாதி வரப்பில் காதருகே கேட்டது:

“என்ன பிள்ளை?”

“பொட்டப் பிள்ளைண்ணே.”

கழுத்தைச் சுற்றியிருந்த கைகளில் ஒன்று மட்டும் கழன்று, பேச்சிமுத்துவின் தோளைத் தாண்டிக் கீழே கதிரை நோக்கி நீண்டது. எட்டவில்லை. பேச்சிமுத்து வரப்பில் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, முழங்காலை மடக்கி மெல்லத் தாழ்ந்தான். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தான். விரல்கள் கதிரைத் தொடுகிற வரைக்கும்.