நைனா மேல் வைத்த பாடம்

டில்லிபாபு வெள்ளைத் துணியை நாடாவாகக் கிழித்து, வேம்புலியின் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போடப் போனபோது சுவேதா கத்திவிட்டாள்.

"மாமா, ரெண்டையும் சேத்து கட்டாத! தனித்தனியா கட்டு."

அறையில் இருந்த நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வேம்புலி இறந்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று டில்லிபாபு நினைத்தார். அவர் சுவேதாவுக்குத் தாய்மாமன், அன்பையும் அதட்டலாகத்தான் சொல்லத் தெரியும்.

"தனித்தனியா கட்னா அதுக்கு பேரு கட்டா கண்ணு? அப்பால போய் குந்து."

முடிச்சு விழுந்தது.

சுவேதாவுக்குப் புத்தி கலங்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு உளவியல் பரீட்சை. அஞ்சல் வழியில் படித்த பட்டத்தில் மிச்சம் நின்ற ஒரே தாள், மூன்று முறை தோற்ற தாள். இதுதான் கடைசி வாய்ப்பு, இதற்குமேல் பல்கலைக்கழகம் விடாது. ஆவடியில் ஒரு சிறப்புப் பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லி, சான்றிதழுக்காகக் காத்திருந்தார்கள்.

படித்தது எதுவும் அவளுக்கு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சபீனா மிஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். நன்றாகப் பழகிய இடம் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். அதன் ஒவ்வொரு மூலையிலும் ஒரு பதிலை வைக்க வேண்டும். பரீட்சையில் மனதுக்குள்ளேயே நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அவரவர் வீட்டை வைத்துக்கொண்டார்கள். கள்ளிக்குப்பத்தில் சுவேதாவின் வீடு ஒற்றை அறை. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன அப்பாவுக்குக் கட்டில் போட்டதிலிருந்து பீரோவும் அடுப்பும் தண்ணீர் டிரம்மும் தினம் ஒரு இடத்தில் நின்றன.

அவள் அலுத்துக்கொண்டதைக் கேட்டு வேம்புலி கோணிய வாயால் சிரித்தார்.

"நம்ம ஊட்ல நவுராதது நான் ஒர்த்தன்தான். எம்மேல வெச்சிக்கோ."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. நெற்றியில் குறுகிய கால நினைவு. காதோரம், புது நினைவைப் பதித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ். நெஞ்சில் அமிக்டலா, பயம் அங்கேதானே தட்டுகிறது. தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருஷம் லேத் மெஷின் ஓட்டிய வலது கையில் சிறுமூளை, உடம்பு பழகிய வேலையை மறக்காத கதை. வலது கால் பெருவிரலில், பழைய பாடம் புதியதைக் குழப்புவது. இடது கால் பெருவிரலில், புதிய பாடம் பழையதைக் கெடுப்பது. போன மூன்று முறையும் அந்த இரண்டைத்தான் மாற்றி மாற்றி எழுதித் தோற்றிருந்தாள். அதனால்தான் காலுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தாள்.

இரண்டு மாதம் தினமும் தொட்டுத் தொட்டு ஒப்பித்தாள். தடுமாறினால் அவர் முதல் வார்த்தையைக் குழறி எடுத்துக் கொடுப்பார். "இன்னாடி கூத்து இது, மன்ஷன் மேல பாடம் வெச்சிகினு" என்று அம்மா ராஜம்மா சோறு வடித்தபடியே திட்டுவாள்.

காலை எட்டு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. கண்ணாடிக்குள் அப்பா ஊரார் பார்வைக்குக் கிடந்தார். சுவேதா பக்கத்தில் நின்று அழுதாள். அழுதுகொண்டே நெற்றியைப் பார்த்தாள், பதில் வந்தது. காது, வந்தது. நெஞ்சு, வந்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெற்ற அப்பன் செத்துக் கிடக்கிறான், நீ பாடம் பார்க்கிறாயா? ஆனாலும் கண் நிற்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள். எரிந்த பிறகு பதில்கள் எங்கே இருக்கும்?

வலது கையில் வந்து நின்றுவிட்டாள். ஒன்றுமே இல்லை. கை மட்டும் இருந்தது.

"சிருமூல," என்றது ஒரு குரல்.

அப்பாவின் அதே குழறல், அதே இழுப்பு. சுவேதா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பெட்டியின் அந்தப் பக்கம் ராஜம்மா தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வேறு யாருமில்லை.

"ம்மா, நீ இன்னா சொன்ன?"

"நா எங்க சொன்னேன்? வாயத் தொறக்கவே தெம்பு இல்ல."

சொன்னபடி மூன்று மணிக்கு எடுத்துப் போய் எரித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவள் பையை எடுத்தபோது டில்லிபாபு வாசலை மறித்தார்.

"இன்னும் பால் ஊத்தல, காரியம் ஆவல. பரீச்சைக்கு போறாளாம்!"

"வழிய உடு," என்றாள் ராஜம்மா. "அந்த மன்ஷன் ரெண்டு மாசமா எதுக்கு மல்லாந்து படுத்துகினு தொட உட்டாரு? அவ போவட்டும்."

நெமிலிச்சேரியில் ரயிலை விட்டு இறங்கி, தேர்வு மையத்துக்கு நடந்தாள். வினாத்தாளைப் பிரித்ததும் முதல் கேள்வியே இரண்டு பெருவிரல்கள். பதினைந்து மதிப்பெண்.

கண்ணை மூடினாள். கட்டில் இருந்தது. அப்பா இருந்தார். கால் விரல்கள் சேர்ந்து கட்டியிருந்தன. பழையது எது, புதியது எது, எல்லாம் ஒரே முடிச்சில் கிடந்தன. மனதுக்குள்ளேயே குனிந்து நகத்தால் அவிழ்க்கப் பார்த்தாள். மாமா போட்ட முடிச்சு லேசில் அவிழவில்லை. நகம் வலித்தது, உண்மையாகவே வலித்தது. கடைசியில் துணி தளர்ந்தது. விரல்கள் ஒன்றையொன்று விட்டு மெல்ல விலகின, அவள் விலக்காமலே.

எழுத ஆரம்பித்தாள். நெஞ்சுக்குப் போனாள், காதுக்குப் போனாள். வலது கையைத் தொட்டபோது, ஏழு மாதமாக மடங்காத அந்தக் கை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிடியிலேயே சிறுமூளையை இரண்டு பக்கம் எழுதி முடித்தாள். மணி அடித்த பிறகுதான் பிடி விட்டது. பயமாக இருந்தது. எழுந்து வரவும் மனசில்லை.

வீடு திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. கட்டில் இருந்த இடம் கழுவிவிடப்பட்டு ஈரமாகக் கிடந்தது. ராஜம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எழுதினியா?"

"எழுதிட்டேம்மா. எல்லாம் வந்துச்சு."

ராஜம்மா கிட்டே நகர்ந்து வந்தாள். பிறகு குரலைத் தணித்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்து வந்தவளிடம் விசாரிப்பது போலக் கேட்டாள்.

"எப்டிக்கீறாரு?"

சுவேதா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நைனா நல்லாக்கீறாரும்மா. கை சூடா இருந்துச்சு."

முகம் கை கழுவலாம் என்று எழப்போனவளை ராஜம்மா விடவில்லை. அவளுடைய வலது கையை இழுத்து மடியில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.