இருபத்திநாலாம் நம்பர்

அண்ணனின் கட்டைவிரலில் ஆறு தையல் போட்டு முடித்த நர்ஸ், "எந்த மிஷின்ல மாட்டுச்சு?" என்று என்னிடம் கேட்டார். மிஷின் இல்லை, வெறும் ஸ்பேனர் என்றேன். அவர் நம்பவில்லை. அந்த ஸ்பேனர் என் கைப்பைக்குள் இல்லாமல் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். இருபத்திநாலாம் நம்பர். இருபத்திநாலு மில்லிமீட்டர் நட்டுக்கானது, வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டிய வாய், பல் டாக்டரிடம் காட்டுவதுபோல அகலமாகத் திறந்து கிடந்தது. பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு நட்டை இறுக்கும்போது இப்படிப் பிளந்து, கை வழுக்கி, விரல் இரும்பில் போய் அடித்திருக்கிறது.

நான் அதே பஸ் பணிமனையில் டூல் ரூமைப் பார்த்துக்கொள்கிறவள். ஃபிட்டர் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை நீட்டுவார், அவர் கேட்ட சாமானை நான் எடுத்துக் கொடுத்துவிட்டு அது இருந்த ஆணியில் டோக்கனை மாட்டுவேன். சாமான் திரும்பி வந்தால் டோக்கன் திரும்பிப் போகும். பதினாலு வருஷமாக இதுதான். எது யார் கையில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வேன். அது எப்படிப்பட்ட இரும்பு என்று மட்டும் ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

மறுநாள் காலை ஃபோர்மேன் விபத்து ரிப்போர்ட்டை எழுதியே முடித்துவிட்டார். ஸ்பேனர் கைப்பிடியில் பைப்பைச் சொருகி நீளமாக்கித் திருகியதால் வாய் விரிந்தது, தவறு தொழிலாளியுடையது. இரண்டு வருஷம் முன்பு அண்ணன் அப்படிப் பைப் போட்டு அவரிடம் கையும் களவுமாக மாட்டியவன்தான். இந்த ரிப்போர்ட் மேலே போனால் அவனைச் சாமான் தொடவிடாமல் பஸ் கழுவுகிற இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

"நீ பைப் போட்டியா அண்ணே?" என்று அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"போடலை. ஆனா யாரு நம்புவா? விடு."

அண்ணி அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். என்னால் விட முடியவில்லை. காரணம் பாசம் மட்டுமில்லை. அந்தப் புது ஸ்பேனர்களை வாங்கி ஆணியில் மாட்டியவளே நான்தான்.

ஆறு மாதம் முன்பு கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். நாங்கள் எப்போதும் வாங்குகிற அதே கம்பெனி, அதே நீலப் பெட்டி. பழசு எத்தனை இருந்தாலும் கொடுங்கள், அத்தனைக்கும் புதுசு, ஒரு பைசா வேண்டாம் என்றார். கறுத்துப்போய், எண் தேய்ந்துபோய்க் கிடந்த நாற்பத்தியொரு ஸ்பேனரை அள்ளிக் கொடுத்தேன். பளபளவென்று நாற்பத்தியொன்று வந்தது. வாயெல்லாம் பல்லாகக் கையெழுத்துப் போட்டேன். "பழசு நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அண்ணன் முணுமுணுத்தான். ஓசியில் வந்த மாட்டைக் கண்ட மாதிரி எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை.

பழசில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. டூல் ரூம் ஜன்னலின் கொக்கி உடைந்து எத்தனையோ காலம் ஆகிறது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு ஸ்பேனரை முட்டுக் கொடுத்திருந்தேன். அது இருபத்திநாலாம் நம்பர். கொடுக்கும்போது மறந்தே போய்விட்டேன். இப்போது அதை உருவி எடுத்தேன், ஜன்னல் தடாலென்று சாத்திக்கொண்டது.

இரண்டையும் ஸ்டோரில் இருக்கும் தராசில் வைத்தேன். புதுசு முப்பத்தெட்டு கிராம் குறைவு. சரி, பழசு கொஞ்சம் தடிமன் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி வந்தால் அதன் குட்டிகளும் கூடவே வந்துவிடுகின்றன. பணிமனை லேத்துக்காரரிடம் கொண்டுபோனேன். அண்ணனின் கூட்டாளி, என்னையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் இரண்டிலும் ஒரே அரத்தை வைத்துத் தேய்த்தார். பழசு மனசில்லாமல் நாலு துகள் உதிர்த்தது. புதுசு தாராளமாக மேஜையெல்லாம் கொட்டியது.

"ரெண்டும் ஒரே பேர்ல இருக்கு தங்கச்சி. ஒரே ஜாதி இரும்பு இல்ல," என்றார்.

பெட்டியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். பாட்டு கேட்க வைத்து, ஒரு பெண்ணிடம் பேச வைத்து, கடைசியில் ஒரு மனிதர் கிடைத்தார். இருபது வருஷமாக அந்தக் கம்பெனியில் இருக்கிறாராம்.

"கம்பெனி அதேதானே சார்?"

"பேரு அதேதாம்மா. பேரைத்தான் வாங்கினாங்க."

முதலீடு செய்கிற நிறுவனம் ஒன்று வாங்கியது, நாலு வருஷத்தில் வேறொன்றுக்கு விற்றது. இடையில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற பட்டறையை மூடினார்கள். இப்போது எவன் மலிவாகச் செய்கிறானோ அவனிடம் வாங்கிப் பேரைப் பொறிக்கிறார்கள். வாங்கினவர்கள் ஒருமுறையாவது ஸ்பேனரைக் கையில் பிடித்திருப்பார்களா என்று கேட்டேன்.

"பிடிச்சாங்களே, போட்டோ எடுக்கறப்ப."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன். "அப்ப எங்க பழசை எதுக்கு சார் ஓசியில மாத்திக் குடுத்தீங்க?"

"பழசுக்கெல்லாம் ஆயுசுக்கும் உத்தரவாதம்னு எழுதிக் குடுத்திருந்தோம்மா. எப்ப உடைஞ்சாலும் குடுத்தாகணும். புதுசுக்கு ஒரு வருஷம்தான். நீங்க கையெழுத்துப் போட்ட தாளைப் பாருங்க."

பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது, கீழே என் கையெழுத்து கொட்டை எழுத்தில். எனக்கு அவமானமாக இருந்தது. ஏமாற்றினார்கள் என்பதைவிட, சந்தோஷமாக ஏமாந்தேன் என்பதுதான் சுட்டது.

ஃபோர்மேனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்மா, ஒரு ஸ்பேனர் வெறுங்கையால விரியுமா? அண்ணனுக்காகப் பேசறே, புரியுது."

"நீங்களே இழுத்துப் பாருங்க சார்."

வைஸில் ஒரு போல்ட்டைக் கடிக்கவைத்து, அதன் மேல் நட்டை அசையாதபடி வெல்டு வைத்தார் லேத்துக்காரர். சாப்பாட்டு நேரம், எல்லா ஃபிட்டரும் சுற்றி நின்றார்கள். கையில் கட்டோடு அண்ணனும் வந்து ஓரமாக நின்றான். ஃபோர்மேன் வாட்டசாட்டமான ஆள். முதலில் பழசை மாட்டி இழுத்தார். முகம் சிவந்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து, அதே நம்பரில் ஆணியிலிருந்து எடுத்த இன்னொரு புதுசை மாட்டினார். ஒரே இழுப்பு. வாய் விரிந்து வழுக்கியது. லேத்துக்காரர் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் ஃபோர்மேனும் அந்த நர்ஸிடம்தான் போயிருப்பார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் தன் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பைப்னு எழுதினதை அடிச்சிடறேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "அந்த இடத்துல என்னம்மா எழுதறது? நல்ல சாமானைக் குடுத்துட்டு இதை வாங்கிப் போட்டது யாருன்னு மேல கேப்பாங்க."

அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டுவது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நான்தான்னு எழுதுங்க சார்," என்றேன்.

ரிப்போர்ட் போய் மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. விசாரணைக்கு என்னைக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். இதற்கிடையில் கம்பெனியிலிருந்து வாய் விரிந்த இரண்டுக்கும் பதிலாகப் புதிதாக இரண்டு வந்திருக்கின்றன, அதே நீலப் பெட்டியில். அதில் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தேன். அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது.

இன்று காலை அண்ணன் கட்டுப் பிரித்த கையோடு வேலைக்கு வந்தான். கவுண்டரில் டோக்கனை வைத்தான்.

"இருபத்திநாலு குடு. பழசு."

"அது வெளிய போயிருக்கு அண்ணே."

"பரவால்ல, மாட்டி வை. வரப்போ வாங்கிக்கறேன்."

வாங்கித் திரும்பினேன். நாற்பது ஆணிகளில் புது ஸ்பேனர்கள் தொட ஆளில்லாமல் மின்னிக்கொண்டிருந்தன. பழசுக்கான அந்த ஒரு ஆணியில் மட்டும் ஏற்கனவே பதினோரு டோக்கன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. அண்ணனுடையது நிற்க இடமில்லை. மற்றதையெல்லாம் விரலால் பின்னுக்குத் தள்ளி, ஆணியின் நுனியில் அதை மாட்டி, விழுந்துவிடாமல் கொஞ்ச நேரம் கையை அடியில் வைத்துக்கொண்டு நின்றேன்.