மேல் மனை

என் வாய் பொல்லாதது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீலகிரியில், குந்தா பக்கத்து எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். ராஜகுமாரி வருகிறாள் என்றால் எடை போடுகிறவன் தராசை ஒரு தடவை துடைத்து வைப்பான். என் வீட்டுக்காரர் வீரையா எனக்கு நேர் எதிர். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியோடு காலையில் மலை ஏறினால், சாயங்காலம் இறங்குவதற்குள் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவருக்கும் சேர்த்து நானே பேசினேன். மனை வாங்கும்போதும் நான்தான் பேசினேன்.

பத்து வயதில் சிலோனிலிருந்து வந்தவள் நான். அங்கேயும் லயம், இங்கேயும் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் குடும்பம். குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பின்னால் ஒரு அடுப்படி. பக்கத்து வீட்டில் இருமினால் எங்களுக்குத் தூக்கம் கலையும். கல்யாணமான புதிதில் நாங்கள் ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் தேயிலைக்குள் போய்த்தான் பேசுவோம். எங்கள் மகன் சசிதரன் பிறந்தது, படித்தது, திருப்பூருக்கு வேலைக்குப் போனது எல்லாம் அந்த ஒரு காம்பராவிலிருந்துதான். அதுவும் வேலையில் இருக்கும் வரைக்கும். ஓய்வு கொடுத்துவிட்டால் சாவியை ஆபீசில் வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அதனால் ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு மூன்று சென்ட் நிலத்தின் மேல் ஆசை வந்தது.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டு மனைகளைக் காட்டினார். ஒன்று தார் ரோட்டை ஒட்டி, இரண்டு வீடுகளுக்கு நடுவே, கொஞ்சம் ஓதம் அடித்துக்கொண்டு கிடந்தது. இன்னொன்று மேலே சரிவில். மண்ணில் வெட்டிய படி தொண்ணூற்று நாலு ஏறிப் போனால் சுற்றிலும் யாரும் இல்லை, நாள் பூரா வெயில். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

"கீழதே எடுப்பம் குமாரி," என்றார் என் வீட்டுக்காரர். "வயசு போகுது தானே."

அன்றைக்கு அவர் பேசிய நாலு வார்த்தை அதுதான். நான் விட்டேனா? "முப்பது கிலோ கொழுந்த முதுகுல போட்டுக்கிட்டு இதைவிடச் செங்குத்தா ஏறினவ நானு. இந்தப் படிக்குப் பயப்பட நான் என்ன ஊட்டி பாக்க வந்த டூரிஸ்ட்டா?" என்று கேட்டேன். மனைக்காரர் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார். மேல் மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

டவுன்காரர்கள் மனை பார்க்க வந்தால் வண்டி போகுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை. தண்ணீர் வருமா, வெயில் படுமா, இரண்டு பக்கமும் அடுத்தவன் சுவர் இல்லாமல் இருக்குமா என்று பார்த்தோம். மலையிலேயே பிறந்து மலையிலேயே வேலை பார்த்தவர்களுக்கு ஏற்றம் ஒரு விஷயமாகவே படாது. கால் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

நாலு வருஷம் கட்டினோம். லாரி ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் அவர் ஹாலோ பிளாக்கைத் தோளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறுவார். நான் மணலைச் சாக்கில் கட்டி, கொழுந்துக் கூடை மாதிரி முதுகில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவேன். மழைக்குப் படியெல்லாம் கரைந்து ஓடிவிடும், மறுபடி வெட்டுவார். சுமக்க யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை. கட்டின கொத்தனார் சுவிசேஷமுத்து ஒரு நாள் ஜன்னல் எங்கே வைக்கலாம் என்று இவரிடம் கேட்டார். வாழ்க்கையில் யாரும் இவரிடம் எதையும் எங்கே வைக்கலாம் என்று கேட்டதில்லை. திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நாலு பக்கமும் வைக்கச் சொன்னேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு ஆகி ஓய்வு கொடுத்த அடுத்த தையில் பால் காய்ச்சினோம். லயமே திரண்டு வந்தது. எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த சுரேஷ்தான் பந்தி பரிமாறினான். ரத்த சொந்தம் இல்லை. ஆனால் அவன் எங்களைச் சித்தப்பா, சின்னம்மா என்றுதான் கூப்பிடுவான். ஏறி வந்த ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, மூச்சு வாங்குதா என்று நான் கிண்டல் பண்ணினேன். எல்லாரும் போன பிறகு அவர் சுவரில் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்துச் சுவருக்கும் போய்த் தட்டினார்.

"ஒருத்தரும் இல்ல குமாரி," என்றார். குழந்தை மாதிரி சிரித்தார்.

அந்த வீட்டில் அவர் ஆறு மாதம் இருந்தார். பின்னால் பீன்ஸ் போட்டார். மத்தியானத்தில் வெயில் விழுகிற ஜன்னலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். வெயில் நகர நகர பாயை இழுத்துக்கொண்டே போவார். நான் திட்டுவேன். அந்த ஆறு மாதத்தில்தான் அவர் என்னோடு நிறையப் பேசினார். சிலோனில் அவருடைய அப்பா கட்ட ஆசைப்பட்ட வீட்டைப் பற்றிக்கூடச் சொன்னார். எனக்கு அது அதுவரை தெரியாது.

ஆடி மாதம் ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாயும் கோணிவிட்டது. நான் லயத்துக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டதும் சுரேஷும் இன்னும் மூன்று பேரும் ஓடி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கட்டி, அந்த மழையில் வழுக்கிக்கொண்டே இறக்கினார்கள். ஊட்டி ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தோம். திரும்பி வந்ததும் அதே நாலு பேர் மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை கைகால் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், விட்டுவிட்டால் அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் வாரம் இரண்டு தடவையும் நான் போய்க் கூப்பிட்டேன், வந்தார்கள். இரண்டாவது தடவை ஏறும்போது பாதி வழியில் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். சுரேஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சித்தப்பா பாக்கத்தான் ஒல்லி, நல்ல கனம்," என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். இவரும் கோணின வாயோடு சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னதுதான், இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கனமாக இருந்தால் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், இந்த வீட்டுக்கு ஒவ்வொரு கல்லையும் சுமந்த ஆள் அவர், எவனையும் தூக்கக் கூப்பிடவில்லை என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்கு மட்டும் யாரையும் கூப்பிட வேண்டாம்; காதில் விழுந்ததும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்துவிட வேண்டும். மற்ற எதுவானாலும் வாசலில் போய் நின்று கூப்பிட்டால்தான் வருவார்கள். கூப்பிடாத இடத்துக்குப் போவது மரியாதையில்லை. இது எனக்குத் தெரியாதா? அந்த வழக்கத்தில்தான் வளர்ந்தேன். தெரிந்துகொண்டே, வேண்டுமென்றால் அவர்களாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் பயிற்சி தவறியது. அவருடைய கை விரல்கள் உள்ளுக்கு மடங்க ஆரம்பித்தன.

ரோட்டோரத்தில் ராபியா என்று ஒருத்தி மளிகைக் கடை வைத்திருக்கிறாள். நல்ல மனசுக்காரி. அவள் கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்தேன். ஒரு வாடகை ஜீப்புக்காரனுக்குப் பணம் கொடுத்தேன்; அவனும் இன்னும் மூன்று கூலி ஆட்களுமாக அவரை இறக்கினார்கள். ஒரு காம்பரா, ஒரு அடுப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் கடையில் ஆட்கள் பேசுவது அப்படியே கேட்கும். வாரத்துக்கு இரண்டு தடவை ஆட்டோ வாசலுக்கே வரும். அவர் என்ன கேட்டாலும் கால் சரியானதும் மேலே போகலாம் என்று சொல்லிவைத்தேன்.

தினம் நான் மட்டும் ஏறிப் போய் ஜன்னலைத் திறந்து, கூட்டிவிட்டு வருவேன். வந்ததும் பீன்ஸ் காய்த்திருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று குழறிக் குழறிக் கேட்பார். ஒரு தடவை சுரேஷ் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க வந்தான். அவன் கேட்டதற்கெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். ஹார்லிக்ஸை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தீவாளிக்கு ஒரு நாள்... நம்ம வீட்ல இருந்துட்டு வருவம். சுரேஷக் கூப்பிடு. வருவான்."

"ஒருத்தன் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்," என்றேன். "அக்கற இருந்தா அவனே வந்திருப்பான்."

அவர் என் கையை விட்டுவிட்டார். தீபாவளியன்று நான் தனியாக ஏறிப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். ம் என்றார். அதற்குப் பிறகு மேலே போவதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. பீன்ஸைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. மனசைத் தேற்றிக்கொண்டார் என்று நான் நினைத்தேன். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள், அப்படித்தான் நினைத்தேன்.

மார்கழியில் ஒரு காலை, வெளியே புல்லெல்லாம் உறைபனி. தேத்தண்ணி போட்டு ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மடக்கு உள்ளே போனது. மூன்றாவது கடைவாயில் வழிந்து சட்டையில் ஊற்றியது. "சின்னப் புள்ளையா நீங்க, ஒழுங்காக் குடிங்க," என்று திட்டிக்கொண்டே துடைத்தேன். துடைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

என் சத்தம் கேட்டு ராபியா ஓடி வந்தாள். சசிதரனுக்கு அவள்தான் போன் போட்டாள். வேறு யாருக்கும் நான் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் எஸ்டேட்டின் எல்லா லயங்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அன்றைக்குக் கூலி போனாலும் போகட்டும் என்று வேலைக்குப் போகாமல், வீட்டுக்கு ஒருவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. சுரேஷ் முன்னால் வந்து எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டான். ராபியா என் தோளைப் பிடித்துக்கொண்டு, இங்கேயே வைக்கலாம் அக்கா, எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை, ரோடும் பக்கம் என்றாள். நான் மேலே கையைக் காட்டினேன்.

ஒருவர்கூட முனகவில்லை. கடைக்குள்ளிருந்த பெஞ்சில் அவரைக் கிடத்தி, எட்டு எட்டுப் பேராகத் தோள் மாற்றிக்கொண்டு, ஓர் இடத்தில்கூட இறக்கி வைக்காமல் ஏறினார்கள். உயிரோடு இருந்தவரைத் தூக்க நாலு பேர் இல்லை என்று நான் அவரைக் கீழே வைத்திருந்தேன். நாற்பது பேர் அவருக்கு இருந்தார்கள். பின்னால் ஏறின எனக்குப் பாதியில் கால் எழவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

முன்னறையில் கிடத்தினார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். வெயில் வந்தது. வெளியே குழாயில் முகம் கழுவிக்கொண்டு சுரேஷ் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒரு வார்த்த சொல்லி விட்டிருக்கலாம்ல சின்னம்மா," என்றான். "தீவாளிக்கு சித்தப்பா இங்க வரணும்னு கேட்டாராம், ராபியாக்கா இப்பத்தான் சொன்னாங்க. அன்னைக்கு நாங்க அத்தன பேரும் லயத்துல சும்மாதான் இருந்தோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவன் அழுதுகொண்டு சொன்னான். உள்ளே போய் அவர் காலடியில் உட்கார்ந்து, கூப்பிட்டிருக்கணுங்க, நான் கூப்பிட்டிருக்கணும் என்று சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் சசிதரன் வந்து சேர்ந்தான். பெரியவர்கள் வெளியே கூடிப் பேசினார்கள். மூன்று மணிக்கெல்லாம் எடுத்துவிட வேண்டும், பனி இறங்கிவிட்டால் படி வழுக்கும் என்று முடிவு பண்ணினார்கள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அத்தனை பேருக்கும் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, வெயில் இருக்கிற வரைக்கும் அவர் இங்கேயே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அப்படியே ஆகட்டும் என்றார்கள். நாலரை வரைக்கும் வெயில் இருந்தது.