ஒரு நாளும் நிற்காத கம்ப்யூட்டர்

ஹைதராபாத் நாச்சாரத்தில் ரப்பர் கேஸ்கெட் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில், கம்ப்யூட்டரின் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக கம்ப்யூட்டர் அறையிலேயே கூடிய கூட்டத்தில், வெங்கட்ரமணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் செருமினால் பின்னாலேயே ஒரு பிரசங்கம் வரும். மத்திய அரசு நிறுவனமொன்றின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று வந்தவர். அங்கே அவர் பொறுப்பில் இருந்தவை ஏசியும் வாசல் சாவியும்தான் என்பதை இங்கே யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விசிட்டிங் கார்டில் 'சிஸ்டம்ஸ் அட்வைசர்' என்றிருந்தது.

முதலாளி ஸ்ரீகாந்துக்கு ஒரு பஸ் கம்பெனி ஆர்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர்கள் அனுப்பும் டிராயிங் இந்தக் கம்ப்யூட்டரில் திறக்க மறுத்தது. இந்த வாரம் பதில் சொல்லாவிட்டால் ஆர்டர் போட்டிக் கம்பெனியான மல்லாபூர்க்காரனுக்குப் போய்விடும்.

"அங்கிள், ஹவ் இல்ல நக்கோ, மாத்தலாமா வேண்டாமா, ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

அங்கேதான் வெங்கட்ரமணன் மாட்டிக்கொண்டார். புது சிஸ்டம் கற்க தார்நாகாவில் ரகசியமாக ஒரு வகுப்பில் சேர்ந்து, மகள் வயதுப் பெண் ஒருத்தி "அங்கிள், அது ரைட் க்ளிக்" என்று எல்லோர் முன்னாலும் சொன்ன அன்றோடு நின்றவர் அவர். மனைவி கல்பகத்திடம், வகுப்பு எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"ஸ்டெபிலிட்டின்னு ஒண்ணு இருக்கு ஸ்ரீகாந்த். புதுசு பளபளன்னு இருக்கும், ரெண்டாம் நாளே பல்லைக் காட்டும். இது? நான் வந்ததுலேர்ந்து ஒரு தடவை நின்னிருக்கா? அக்கவுண்ட்ஸ் ஜலஜா இருக்கா, சூப்பர்வைசர் அப்துல் காதர் இருக்கார். கேளுங்கோ!"

அப்துல் காதர் ஃபேனை ஆராய்ந்தார். ஜலஜா ஸ்ரீகாந்தைப் பார்க்காமல், "நின்னதில்ல சார்" என்றாள்.

"பாத்தேளா?" வெங்கட்ரமணன் நிரூபணத்துக்கே இறங்கிவிட்டார். ஸ்டாக் கணக்கைத் திறந்தார். திரையில் மணல் கடிகாரம் வந்தது, வந்தது போகவில்லை. மவுஸை ஆட்டினார், உருட்டினார், மேஜையில் செல்லமாகத் தட்டினார். அம்பு அசையவில்லை.

அப்துல் காதர் பழக்கதோஷத்தில் எழுந்து அவர் முழங்கையைத் தொட்டார். "சலோ சார், ஒரு சாய் குடிச்சிட்டு வரலாமா?"

ஜலஜாவின் கை அதற்குள் மேஜைக்கு அடியில், கம்ப்யூட்டர் பெட்டியின் பட்டனுக்குப் போயிருந்தது.

இருவரும் அப்படியே உறைந்தார்கள். ஸ்ரீகாந்த் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவனுக்கும் தெரியும்.

வெங்கட்ரமணனுக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது. சேர்ந்த புதிதில், நின்ற கம்ப்யூட்டரை ஜலஜா சட்டென்று அணைத்ததற்கு, அது கொலைக்குச் சமம் என்று அரை நாள் பேசியிருந்தார். அதற்குப் பிறகு அது நின்றதேயில்லை. அன்றிலிருந்துதான் அப்துல் காதர் அவரைச் சாய்க்கு அழைக்க ஆரம்பித்தார். வாரத்தில் பாதி நாள், சில நாள் இரண்டு தடவை. திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். இரானி ஹோட்டலில் உஸ்மானியா பிஸ்கட்டைச் சாயில் தோய்த்துக்கொண்டு எத்தனை உபதேசம் செய்திருக்கிறார்! "இங்கே எல்லாருக்கும் என் மேல உயிர்" என்று கல்பகத்திடம் சொல்லாத நாளில்லை.

காது சுட்டது. யாராவது சிரித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"இரும்மா, நானே பண்றேன்" என்று குனிந்தார். குனிந்த பிறகுதான், எந்தப் பட்டன் என்று தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. முட்டி போட்டு மேஜைக்கு அடியில் நுழைந்தார். தடவியதில் ஒன்று அகப்பட்டது. மற்றவை சொரசொரப்பாக இருக்க, அது மட்டும் வழவழவென்று, ஒரு விரல் நுனியளவுக்குத் தேய்ந்திருந்தது.

"அங்கிள்," ஸ்ரீகாந்தின் குரல் மேலேயிருந்து கெஞ்சலாக வந்தது. "இன்னொரு நாள் பேசலாமா?"

"வேண்டாம், சிஸ்டத்தை மாத்திடுங்கோ" என்றார் அடியிலிருந்தபடியே.

பட்டனை அழுத்தினார். கம்ப்யூட்டரின் இரைச்சல் அடங்கியது. எதிரே மூன்று ஜோடி வெறுங்கால்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு கூடாது என்று அவர் போட்ட சட்டம். சில்லென்ற சிமெண்டுத் தரையில் விரல்களை மடக்கிக்கொண்டு, அவர் வெளியே வருவதற்காக அவை காத்திருந்தன.