ஜீப்புக்கு ஒரு மூக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். இருக்கட்டும். இருபத்திரண்டு வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். பாதி நாள், எவனோ கோணலாக ஒட்டிவிட்டுப் போனதைப் பிரித்து மறுபடி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. இதில் சாந்தம் எங்கிருந்து வரும்?

அவள் நர்ஸ். திங்கட்கிழமை தோறும் மருந்துப் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நான்கு ஊர்களுக்குப் போய்வர வேண்டும். அவளே ஓட்டுவாள். சுற்றுவழியில் மண் சரிந்து மூன்று வாரமாகிறது. தரைப்பாலத்தில் இறங்கி ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. போன வருடம் அந்தப் பாலத்தின் நடுவில்தான் ஜீப் தண்ணீர் குடித்தது. எஞ்சின் மூச்சு இழுக்கிற துவாரம் முன்விளக்கு உயரத்தில் இருக்கிறது. அதில் காற்றுக்குப் பதில் தண்ணீர் போனால் உள்ளே பிஸ்டனைத் தள்ளுகிற ராடு வளைந்து, வண்டி அதே இடத்தில் செத்துவிடும். டிராக்டர்காரன் கயிற்றோடு வரும்வரை இரண்டு மணி நேரம் அவள் ஜீப்பின் கூரைமேல் மருந்துப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கண்ணாடி வரை வந்ததாம். நான் அந்த நேரத்தில் எவன் வீட்டிலோ கக்கூஸ் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் மழை தொடங்கியதுமே, “போகாதே” என்றேன்.

“சரி, போகல. இன்சுலின் போட்டுக்கிறவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க, இந்த வாரம் உடம்புல சர்க்கரை ஏறக்கூடாதுன்னு.”

அதனால் ஜீப்பின் மூக்கை உயர்த்திவிடுவது என்று முடிவு செய்தேன். துவாரத்திலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோய்விட்டால், தண்ணீர் பானெட் வரை வந்தாலும் எஞ்சின் மேலேயிருந்து மூச்சு விடும். இதைக் கடையில் ரெடிமேடாகவே விற்கிறான், ஆனால் எங்கள் கிழட்டு ஜீப்புக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் வாங்கமாட்டேன். குழாய்க்கு நான் கடைக்குப் போவதாவது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வேலையை ஆரம்பித்தேன். மூன்று அங்குல பிவிசி குழாய், வளைவுக்கு இரண்டு எல்போ, நான்கு கிளாம்ப். மட்கார்டில் ஓட்டை போட்டபோது, “ஐயோ, பாத்துங்க!” என்று உள்ளேயிருந்து கத்தினாள். அது அவள் அப்பா கொடுத்த ஜீப். “பல்லைப் பிடுங்கறப்ப வாயைத் திறந்துதான் ஆகணும்” என்று நானும் கத்தினேன். கண்ணாடி ஓரமாகக் குழாயை நிறுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மேலே வாயைப் பின்பக்கம் பார்த்து வைத்தேன். எஞ்சின் குலுங்கும் என்பதால், காற்றை வடிகட்டுகிற ஃபில்டர் பெட்டியோடு சேர்கிற இடத்தில் மட்டும் ரப்பர் ஹோஸ். அப்படியும் சாரல் உள்ளே போகும் என்று, ஃபில்டர் பெட்டிக்கு அடியில் அரை அங்குலத்துக்கு ஒரு வடிகால் ஓட்டையும் போட்டேன். தண்ணீர் வெளியே போக வழி வைக்காதவன் பிளம்பரே இல்லை.

மதியம் அவள் தம்பி வந்தான். லாரி மெக்கானிக். ஆள் குள்ளம், ஆனால் பிடித்தால் விடமாட்டான், அதனால் அவனுக்கு நட்டு என்று பெயர். குழாயை மேலும் கீழும் பார்த்தான்.

“சூப்பரா இருக்கு மாமா. ஸ்டார்ட் பண்ணுங்க.”

செய்தேன். அவன் ஜீப் படியில் ஏறி நின்று குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்தான். எஞ்சின் கொஞ்சம் திணறியது. பிறகு ஓடிக்கொண்டே இருந்தது.

“நிக்கலையே” என்றான்.

“ஏன்டா நிக்கணும்? நல்லா ஓடுது, உனக்கென்ன?”

“மூக்கைப் பொத்தியும் மூச்சு விடுதுன்னா, வேற எங்கயோ காத்து இழுக்குதுன்னு அர்த்தம். இப்ப காத்து போற வழியில நாளைக்கு தண்ணி போகும். எங்கயோ ஜாயிண்ட் லீக் மாமா.”

என் ஜாயிண்ட்! லீக்!

“டேய், நான் ஒட்டின குழாய்ல இதுவரைக்கும் ஒரு சொட்டு கசிஞ்சதில்ல. உன் எஞ்சின்லதான் ஏதோ கோளாறு. போடா, போய் லாரிக்குக் காத்தடி.”

அவன் சிரித்தான். எங்கோ ஒரு லாரி நடுவழியில் நிற்கிறதென்று போன் வந்ததால் கிளம்பினான். கிளம்பும்போது சிரிக்கவில்லை. “கையை வச்சதும் எஞ்சின் நிக்கற வரைக்கும் அக்காவைத் தண்ணில இறக்காதீங்க மாமா” என்றான்.

அவன் தலை மறைந்ததும் எல்லா ஜாயிண்டையும் மறுபடி பார்த்தேன். துணியால் துடைத்து, பசையை இன்னொரு சுற்றுப் பூசினேன். ஹோஸின் கிளாம்ப்பைத் திருகாணி முனகுகிற வரை முறுக்கினேன். சாயங்காலம் மறுபடி கையை வைத்து அடைத்தேன். திணறியது, இருமியது, ஆனால் நிற்கவில்லை. இன்னும் இரண்டு முறை பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் என்னைக் கேலி செய்வது போல ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் மருந்துப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துப் பட்டையால் கட்டினாள். குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“நட்டு சொன்னான். கையை வச்சா எஞ்சின் நின்னுச்சா?”

“நின்னுச்சு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் கை ஒட்டிய ஜாயிண்ட் கசிகிறது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவள், “சரி, வரேன்” என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அரை மணி நேரம் என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு இருக்காது. இருந்தாலும் குழாய் உயரம்தான். கசிந்தாலும் கொஞ்சம்தான் கசியும். பல் தேய்த்தேன். காபி போட்டேன். குடிக்காமல் அப்படியே வைத்தேன். கூரைமேல் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பவள்தான் கண்ணுக்குள் நின்றாள். அடப்பாவி, பொண்டாட்டியை விடவா உனக்கு ஜாயிண்ட் பெரிசு? பனியனோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

இருபது நிமிட வழி. தரைப்பாலத்துக்கு வந்தால், ஜீப் கரையிலேயே நின்றுகொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆறு கலங்கலாக, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. அவள் ஸ்டியரிங்கில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் ஜீப்புக்கு முன்னால் ஸ்கூட்டரைப் போட்டு மறித்தேன்.

“இறங்காதே! பொய் சொன்னேன். எஞ்சின் நிக்கல. எங்கயோ லீக். எங்கன்னு எனக்குத் தெரியல.”

அவள் திட்டவில்லை. இறங்கி வந்து பானெட்டைத் திறந்தாள். எஞ்சினை ஓடவிட்டு, “மேல ஏறி அடைங்க” என்றாள். நான் படியில் ஏறிக் குழாயின் வாயை அடைத்தேன். ஓடியது. அவள் எல்போவில் ஆரம்பித்து, ஹோஸ், பெட்டி என்று ஒவ்வொன்றாக, நாடி பார்க்கிற மாதிரி விரலை வைத்துக்கொண்டே வந்தாள். பெட்டிக்கு அடியில் கையைக் கொண்டுபோனதும் நின்றாள்.

“இங்க இழுக்குது. இது என்ன ஓட்டை?”

“அது லீக் இல்ல. அது வடிகால். நான்தான் போட்டேன். மழைத்தண்ணி உள்ள போனா வடியணும்ல?”

“வடியட்டும். ஆத்துத்தண்ணி இது வரைக்கும் வந்தா, வெளிய வடியுமா, உள்ள ஏறுமா?”

நேற்று முழுவதும் அந்தப் பெட்டியை எத்தனை தடவை தொட்டிருப்பேன்! அந்த ஓட்டை என் கண்ணில் ஓட்டையாகவே படவில்லை. அது நான் செய்த வேலை. வேலை எப்படிக் கசியும்?

அவள் கட்டைவிரலால் அதை அழுத்தி மூடினாள். மேலே என் கை. எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டுப் பட்டென்று நின்றது. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

பேண்ட் பாக்கெட்டில் அரை அங்குல பிளக்கும் வெள்ளை டேப்பும் இல்லாத பிளம்பர் உலகத்தில் கிடையாது. டேப்பைத் தடிமனாகச் சுற்றி, பிளக்கை அந்த ஓட்டையில் திருகி இறுக்கினேன். மறுபடி ஸ்டார்ட் செய்து கையை வைத்தேன். உடனே நின்றது. மூன்று தடவை பார்த்தோம். மூன்று தடவையும் நின்றது.

“ஏறுங்க” என்றாள்.

“நானா? பனியனோடவா?”

“நீங்கதான்.”

எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும்தான் தெரியாது. ஏறி உட்கார்ந்தேன். அவள் முதல் கியரில் போட்டு மெதுவாக இறக்கினாள். தண்ணீர் சக்கரத்தை மூடியது, முன்விளக்கை மூடியது, பானெட்டின்மேல் ஏறி வழிந்தது. காலடியில் சில்லென்று புகுந்தது. போன வருடம் நின்ற இடத்தை ஜீப் நிற்காமல் தாண்டியது. என் காதோரம் குழாய் உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

அக்கரையில் மேட்டில் ஏறியதும் எஞ்சினை அணைத்தாள்.

“அரை மணி நேரமா அந்தக் கரையில நின்னேன்” என்றாள்.

“தண்ணி வடியட்டும்னா?”

“இல்ல. நீங்க வர்றீங்களான்னு.”

“உனக்கு... அப்பவே தெரியுமா?”

“நின்னுச்சான்னு கேட்டேன். கத்தாம பதில் சொன்னீங்க. பதினெட்டு வருஷத்துல உங்க வேலையைப் பத்தி நான் கேட்டு நீங்க கத்தாம இருந்தது இன்னைக்குத்தான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் வராம இருந்திருந்தா?”

“ஜீப்பைத் திருப்பியிருப்பேன்.”

“வீட்டுக்குத்தானே?”

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். “நம்ம வீட்டுக்கு இல்ல” என்றாள்.

கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மருந்துப் பெட்டியின் பட்டையை அவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு, பனியனோடு அவள் பின்னால் நடந்தேன்.