சகதி தெரியும் வரை

முத்துச்செல்வி விழுந்த கிணற்றை இறைக்க வேண்டும் என்று பதினாறாம் நாள் சொல்லி அனுப்பினேன். ஆள் செத்த கிணற்றை ஒட்ட இறைத்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் புழங்குவார்கள். வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கச் செத்தவர் வீட்டுக்கு மட்டுமே உரிமை. அதாவது எனக்கு.

கிணறு வன்னியபெருமாளுடையது. 2003 புரட்டாசி. குழாயில் தண்ணீர் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஊரில் தண்ணீர் கிடந்த கிணறு அது ஒன்றுதான். தன் எலுமிச்சைத் தோட்டத்துக்கு வேண்டும் என்று கயிற்றையும் உருளையையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டார். என் மனைவி இடுப்பில் குடத்தோடு கிணற்றுச் சுவரில் பதித்த கல் படியில் இறங்கினாள். கல் பெயர்ந்தது. போலீஸிடம் அவர், "தண்ணி களவாங்க வந்தா" என்றார்.

இப்போது அவரே வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஓராள் மட்டம் கெடக்கு. இறைச்சா ஊறாது. மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. ஊரே எடுத்துக்கிடட்டும்."

"கயிறு?"

"இன்னைக்கே போட்டுருதேன்."

"இறைக்கணும் அண்ணாச்சி."

"படிச்ச பிள்ள. இதையெல்லாம் நம்புதியா?"

"இல்ல."

மறுக்க அவருக்கு வழியில்லை. இறைக்காவிட்டால் அவர் தோட்டத்தில் காய் பறிக்க ஒரு ஆள் வராது.

எட்டயபுரத்திலிருந்து டீசல் என்ஜினை வாடகைக்குக் கொண்டுவந்தேன். தண்ணீரை எலுமிச்சைப் பக்கம் விடவில்லை. தரிசில் விட்டேன். கரிசல் வெடிப்பு எல்லாவற்றையும் குடித்தது. பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயின் ஆடுகள் வாசனை பிடித்து ஓடி வந்தன.

"குடிக்கட்டும். ஆட்டுக்குச் சாங்கியம் தெரியாது பாத்துக்க" என்றாள்.

தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும், பார்த்துக்கொண்டிருந்த வன்னியபெருமாள் எழுந்தார்.

"போதும் தம்பி. பேருக்கு இறைச்சாச்சுல்லா."

"சகதி தெரியணும்."

"ஏலே, இறைச்சா ஒன் பொண்டாட்டி திரும்பி வந்துருவாளா?"

"வரமாட்டா. ஒங்க எலுமிச்சையும் வராது."

அவர் வரப்பில் உட்கார்ந்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் பதினாறு நாள் காத்திருந்தேன். நன்றாகப் பார்த்தேன்.

ஆவுடைத்தாய் அருகில் வந்தாள். பின்னால் பத்துப் பெண்கள். முத்துச்செல்வியைக் கிணற்றிலிருந்து தூக்கியவர்கள் அவர்கள்தான்.

"யய்யா, அவன் மரம் பட்டுப்போகட்டும். எங்களுக்கும் சந்தோசந்தான். ஆனா குழாயும் வரல, இதையும் வத்த அடிச்சுட்டா நாளைக்கு நாங்க எங்க போக? இவ்வளவையாவது விட்டுவையேன். ஒன் வாயால சொல்லு, நாங்க குடிச்சுக்கிடுதோம்."

அவள் சொன்னது சரி. அது எனக்குத் தெரிந்திருந்தது.

என்ஜின் சத்தம் மாறியது. குழாய் காற்றை இழுத்தது. அதைக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தினேன். குழாய் இன்னும் ஒரு முழம் இறங்கியது. மறுபடி தண்ணீர் வந்தது, கறுப்பாக.